தாதாபேக்கு என்ன வந்தது

இஹூஸி,
8 ஏப்ரல் 1999

அண்ணிக்கு,

தோவு எழுதுகிறேன். இனிமேல் எழுதவே கூடாது என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. எனக்காக எழுதவில்லை. ஓன்ஜா வளர்த்த பச்சோந்திக்கு உடம்பு சரியில்லை. இந்தப் பக்கத்தில் பச்சோந்திக்கு வைத்தியம் கேட்டால் ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் கெட்ட சகுனம் என்று பயந்து கதவைச் சாத்துவார்கள். படித்த மாட்டு டாக்டர் ஒருவர் ஃபியனாரில் இருக்கிறார், அவர் என் மனைவியின் அக்காவாகப் போய்விட்டார். நான் என்ன செய்ய?

அதன் பெயர் தாதாபே. கிழவனைப் போல யோசித்து யோசித்து அடி வைக்கிறது என்று ஓன்ஜா வைத்த பெயர். ஒரு பச்சோந்தியைத் தாத்தா என்று கூப்பிடுகிறாளே என்று என் அக்கா ஸூவாரி அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். ஓன்ஜா போன பிறகு தியாவினா அதை விட மாட்டேன் என்கிறாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் அம்மாவையும் பிடுங்கிக்கொண்டு, அம்மாவின் பச்சோந்தியையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வாரமாகப் பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறான். உடம்பு கறுத்துக் கிடக்கிறது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறான். நேற்று கிளையிலிருந்து நழுவி, வாலால் தொங்கினான். என்ன செய்யலாம் என்று சொன்னால் போதும்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். இந்த வருஷம் வெட்டுக்கிளி வானத்தை மூடிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு மேற்கே விமானம் வந்து மருந்து தெளித்துவிட்டுப் போயிற்று. செத்துக் கிடப்பதைத் தொடக்கூடாது என்று மாட்டுச்சந்தையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். நாங்களும் தொடவில்லை, உயிரோடு இருப்பதை மட்டுந்தான் பிடிக்கிறோம். இப்படி ஓர் அறுவடையை நான் பார்த்ததில்லை. மற்ற வருஷங்களில் குளிரில் அது விறைத்திருக்கும்போதே விடியற்காலையில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், வெயில் ஏறினால் பறந்துவிடும். இந்த வருஷம் நடுமத்தியானத்தில்கூடப் பறக்கவில்லை. குனிந்து அள்ளினால் கூடை நிறைகிறது. ஊரே வறுத்துக் காயவைக்கிறது, தாதாபேக்கும் அதிலிருந்துதான் தீனி. ஸூவாரி முதலில் காய்ந்த மூட்டையை உங்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாள். உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்று ஓன்ஜா சொல்லியிருக்கிறாள். வேன் ஓட்டும் ஃபிடியிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், மூட்டைமேல் வேண்டாம்.

தோவு

•

ஃபியனார்,
11 ஏப்ரல் 1999

ஆசிரியர் தோவு அவர்களுக்கு,

மூட்டையில் வறுத்த வெட்டுக்கிளி என்று ஃபிடி சொன்னான், அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் தங்கையை அவள் அப்பாவின் கல்லறைக்கு அனுப்பாமல் உங்கள் குடும்பக் கல்லறையில் பூட்டி வைத்துக்கொண்டு, எனக்கு வறுத்த வெட்டுக்கிளி அனுப்பி வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம். எங்கள் அப்பா அங்கே அவள் இல்லாமல் படுத்திருக்கிறார். அவர் பக்கத்தில் அவளுக்கு என்று வைத்த இடம் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் கல்லறையைத் திறந்து, இறந்தவர்கள் எல்லோருடைய எலும்புக்கும் புதுத் துணி சுற்றும்போது அந்த இடத்தை நான் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

மிருகம் என்ன பாவம் செய்தது. அதற்குப் பதில் சொல்கிறேன்.

அதை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? உங்கள் அக்காவைத் தெரியும், மூதாதையரைக் கும்பிடும் மூலைக்கு எதிரே இருக்கிற இருட்டு மூலையில்தான் வைக்க விட்டிருப்பாள். பச்சோந்திக்கு வெயில் இல்லாவிட்டால் எலும்பு ரப்பராகிவிடும். பிடி தளரும், நழுவும், வாய் சரியாக மூடாது. நீங்கள் எழுதியது அத்தனையும் அதில் பொருந்துகிறது. வெளியே செடியில் விடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதற்குத் தெரியாது, இலைமேல் தெளியுங்கள், நக்கிக் குடிக்கும். நல்ல தீனி கொடுங்கள். உங்கள் ஊரில்தான் வெட்டுக்கிளிக்குப் பஞ்சமில்லையே, பெரிதாகப் பார்த்து நிறையக் கொடுங்கள்.

ஹைங்கு

•

இஹூஸி,
15 ஏப்ரல் 1999

அண்ணிக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. ஃபிடி அதை என் கையில் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தைக்குப் போயிருந்த ஸூவாரி நல்லவேளையாகப் பார்க்கவில்லை. தியாவினா பார்த்தாள்.

"பெரியம்மாவுக்குப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு வயிறு சரியில்லையாம். நீயே சாப்பிடச் சொல்லிட்டாங்க" என்றேன்.

உங்கள் பெயரை வைத்து ஒரு பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். அன்றிலிருந்து அந்த மூட்டை அவளுடையது. பெரியம்மா கொடுத்தது என்று யாருக்கும் ஒரு கால்கூடத் தருவதில்லை. பள்ளிக்குப் போகும்போது பை நிறைய, திரும்பும்போது பை காலி. ஓன்ஜா போன பிறகு அந்தப் பிள்ளை எதையும் ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதனால் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

இருட்டு மூலை என்று நீங்கள் சொன்னது சரி. எப்படித்தான் தெரியுமோ. மறுநாளே தாதாபேயை வாசலில் காப்பிச் செடிக்கு மாற்றினேன். வாசலில் பச்சோந்தி இருப்பதைப் பார்த்து, வாத்தியார் வீட்டுக்குக் காவல்காரன் வந்துட்டான் என்று தெருவில் கேலி. நீங்கள் சொன்னபடி பெரிய வெட்டுக்கிளியாகப் பொறுக்கி, வயிறு முட்டக் கொடுக்கிறோம். தியாவினாதான் ஒவ்வொன்றாக நீட்டுகிறாள். இருந்தும் தேறவில்லை அண்ணி. நாக்கை வீசினால் பாதி வழியிலேயே விழுகிறது. நாம் வாய்க்குள் வைத்தால்தான் மெல்லுகிறான். வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்குகிறது. நேற்று முதல் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம்.

கல்லறையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது, கடிதத்தில் எழுத வரவில்லை.

தோவு

•

ஃபியனார்,
18 ஏப்ரல் 1999

தோவு,

எச்சிலும் நடுக்கமும் நான் நினைத்த நோயில் வராது. எனக்கே குழப்பமாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வாயைத் திறந்து பாருங்கள். ஈறில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருக்கிறதா? மூச்சு விடும்போது கொரகொரக்கிறதா? அவன் என்று எழுதுகிறீர்களே, ஆண்தான் என்று உறுதியாகத் தெரியுமா? பெண்ணாக இருந்து வயிற்றில் முட்டை தங்கியிருந்தாலும் தீனியை விட்டுவிட்டு மண்ணைத் தேடும். கழுத்துக்கு மேலே தலையில் கொண்டை உயரமாக இருந்தால் ஆண்.

என் பெயரில் பொய் சொன்னது இருக்கட்டும். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் உங்களிடம் பதில் இருக்கிறது, எழுத வரவில்லை என்கிறீர்களே, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிச் சொன்னால் விட்டுவிடுவீர்களா? எழுதப் பழகுங்கள்.

வறண்ட மாதங்கள் வரப்போகின்றன. ஆகஸ்டில் கல்லறையைத் திறக்கிறோம். அதற்குள் பதில் வேண்டும்.

ஹைங்கு

•

இஹூஸி,
22 ஏப்ரல் 1999

அண்ணிக்கு,

ஆண்தான். சீழ் இல்லை, மூச்சும் கொரகொரக்கவில்லை. ஆனால் இனி வைத்தியம் வேண்டாம். தாதாபேயை நாளைக் காலையில் ஊருக்கு வெளியே புளியமரத்தில் விட்டுவிடப் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

தியாவினாவுக்கு உடம்பு சரியில்லை. முதலில் வயிற்றுவலி என்றாள், கண்டதையும் தின்றிருப்பாள் என்று விட்டுவிட்டேன். பிறகு கரும்பலகையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றாள். காலையில் தலையணை எச்சிலில் நனைந்து கிடக்கிறது. குளிரில்கூட நெற்றி வியர்க்கிறது. கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது, விளக்கை அணைத்தாலும் விரிவதில்லை. ஓடியாடுகிற பிள்ளை படியேற என் கையைப் பிடிக்கிறாள்.

முந்தாநாள் ஓன்ஜாவின் கல்லறைப் பக்கமாக வந்தோம். "அம்மா" என்று கை நீட்டிக் காட்டினாள். நீட்டின விரலால் கல்லறையைக் காட்டக்கூடாது என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். இவளும் ஒரு நாளும் தப்பியதில்லை. ஸூவாரி பதறிப் போய், "விரலை மடக்குடி" என்று அதட்டினாள். பிள்ளை மடக்கினாள். மடக்கின விரல் நிற்கவில்லை அண்ணி. நடுங்கி நடுங்கித் தானாக நீண்டுகொண்டது. மறுபடி மடக்கினாள், மறுபடி நீண்டது. "வரமாட்டேங்குதுப்பா" என்று அழுதாள்.

அதற்கு மேல் ஸூவாரியை என்னால் அடக்க முடியவில்லை. நாட்டு வைத்தியரைக் கூட்டி வந்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார், செடியில் நடுங்கிக்கொண்டிருந்த தாதாபேயைப் பார்த்தார், ரெண்டும் ஒரே நடுக்கம் என்றார். இறந்தவளின் பிராணியைப் பிள்ளை கையில் கொடுத்து வைத்திருக்கிறாயே என்று என்னை நாலுபேர் முன்னால் கேட்டார். நான் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறவன். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் பார்த்த என் கண்ணுக்கும் ரெண்டும் ஒரே நடுக்கமாகத்தான் தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்குகிறது.

இரவு முழுக்க அவளுக்குச் சோற்றுக்கஞ்சி ஊட்டுகிறோம். வேறெதுவும் இறங்கவில்லை. பெரியம்மா கொடுத்தது என்றால் மட்டும் வாய் திறக்கிறாள். ஸூவாரி உங்கள் மூட்டையிலிருந்து எடுத்து, இடித்து, சத்துக்காகக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறாள்.

தோவு

•

ஃபியனார்,
23 ஏப்ரல் 1999

தோவு,

கஞ்சியை நிறுத்து. இந்த வரியைப் படித்த உடனே எழுந்து போய் அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு வந்து மீதியைப் படி.

பிள்ளைக்கு வந்திருப்பது பூச்சிமருந்து விஷம். தாதாபேக்கும் அதேதான். உன் வைத்தியர் பார்த்தது சரி, சொன்னதுதான் தப்பு. பச்சோந்தியிடமிருந்து பிள்ளைக்கு வரவில்லை. ரெண்டு பேரும் ஒரே கூடையிலிருந்து தின்றிருக்கிறார்கள். அது பச்சையாகத் தின்றது, அவள் வறுத்துத் தின்றாள், உடம்பு சின்னது என்பதால் அது முதலில் விழுந்தது.

உன் முதல் கடிதத்தை நான் பாதிதான் படித்திருந்தேன். "மற்றபடி இங்கே எல்லோரும் நலம்" என்ற இடத்தில் கோபத்தில் மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் செருகிவிட்டேன். இன்று உன் கடிதத்தில் கருமணி சுருங்கியது என்று படித்ததும் அதை உருவி எடுத்துப் படித்தேன். நடுமத்தியானத்திலும் வெட்டுக்கிளி பறக்கவில்லை, குனிந்து அள்ளினால் கூடை நிறைகிறது என்று எழுதியிருக்கிறாய். வெயிலில் பறக்காத வெட்டுக்கிளி எங்கே இருக்கிறது தோவு? அவை மருந்து குடித்துவிட்டுச் சாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவை. செத்ததைத் தொடாதே என்றார்கள், நீங்கள் சாகப்போவதை அள்ளினீர்கள். உங்களை என்ன சொல்ல. அதைப் பெரிதாகப் பார்த்து நிறையக் கொடு என்று மருத்துவம் எழுதியவள் நான்.

பிள்ளையை இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. வயிற்றுவலி, காய்ச்சல் என்று எதையும் சொல்லிக் குழப்பாதே. "வெட்டுக்கிளிக்குத் தெளித்த மருந்து வயிற்றில் போயிருக்கிறது, கருமணி சுருங்கியிருக்கிறது, அட்ரோபின் ஊசி போடுங்கள்" என்று சொல். இருப்பு இல்லை என்றால் அவளை அங்கேயே வைத்திரு, நான் கொண்டு வருகிறேன். மூச்சுத் திணறினால் ஒருக்களித்துப் படுக்க வை, எச்சிலைத் துடைத்துக்கொண்டே இரு. உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவு, உடுத்தின துணியை மாற்று.

தெருவில் ஒரு வீடு விடாமல் சொல். மாட்டுக்கும் கோழிக்கும் போடக்கூடாது, புதைக்கத்தான் வேண்டும். வாத்தியார் பைத்தியமாகிவிட்டார் என்று சொன்னால் சொல்லட்டும்.

தபாலாபீசுக்குப் போன் போட்டேன், கம்பி அறுந்து கிடக்கிறதாம். முதல் வண்டி ஃபிடியுடையது, இதை அவன் கையில் கொடுக்கிறேன். வழியில் எங்கேயும் சோறு தின்ன நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், நின்றால் அவனை நான் சும்மா விடமாட்டேன். ஆபீசில் பூட்டைத் திறந்து மருந்து எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் நானே வருகிறேன்.

அந்த மூட்டையை நான் திருப்பி அனுப்பினேன். எனக்கு வந்ததை நான் அவளுக்குத் திருப்பி அனுப்பினேன்.

ஹைங்கு

•

ஃபியனார்,
9 மே 1999

தம்பி தோவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தியாவினாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வந்த நினைப்பிலேயே வேலை ஓடுகிறது. இப்போது சாப்பிடுகிறாளா? மாத்திரை தீர்ந்ததும் டாக்டரிடம் மறுபடி காட்டு, தெம்பு வந்துவிட்டது என்று விட்டுவிடாதே. ஸூவாரி அக்காவிடம் சொல், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் மரம் மாதிரி நின்றுவிட்டேன். தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். கஞ்சியில் கலந்தது அவள் கை என்றால், அதை அவள் கையில் கொடுத்தது என் வீம்பு. நான் எந்த முகத்தோடு அவளைத் தூக்குவது.

தாதாபேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ விட்ட புளியமரத்தடியிலிருந்து அவனை எடுத்து வந்தேனே, வழியெல்லாம் என் சட்டைப் பித்தானைப் பிடித்தபடியே வந்தான். அவனுக்கும் மருந்து போட்டேன். நடுக்கம் நின்றது, இலைத்தண்ணீரை நக்கினான், ஒரு காலையில் முழுப்பச்சையாகக்கூட மாறினான். பிழைத்துவிட்டான் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்குள் வேறு வேலை வந்தது. நேற்று விடியும்போது கிளையைப் பிடித்தபடியே செத்திருந்தான். கால்களைக் கிளையிலிருந்து எடுக்க முடியாமல் கிளையை வெட்டித்தான் எடுத்தேன்.

வயிற்றை அறுத்துப் பார்த்தேன், என் தொழில் அது. தெரிந்ததுதான் இருந்தது.

இத்தனை வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். எந்த மிருகம் வந்தாலும் முதலில் கேட்பது என்ன தின்றது என்றுதான். உன்னிடம் கோபத்தில் அதைக்கூடக் கேட்கவில்லை. நான் கேட்பதற்கு முன்பே நீ எழுதியிருந்தாய், நான் படிக்கவில்லை. ஒரு பத்தி. அந்த ஒரு பத்தியைப் படித்திருந்தால் மூட்டையை ஃபிடி கையிலேயே கொளுத்தியிருப்பேன். பத்து நாள் அந்தப் பிள்ளை பெரியம்மா கொடுத்தது, பெரியம்மா கொடுத்தது என்று ஆசையாகத் தின்றிருக்கிறாள். தூக்கத்தில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

தாதாபே செத்ததை அவளிடம் நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா?

அக்கா ஹைங்கு

•

இஹூஸி,
16 மே 1999

அண்ணிக்கு,

நான் சொல்லிவிட்டேன். "கிளையை விடலையாமா?" என்று கேட்டாள். விடவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். காப்பிச் செடிக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறாள், நான் தடுக்கவில்லை.

தெருவில் இப்போது என்னைப் பைத்தியம் என்பதில்லை. எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டில் பிள்ளைகளுக்கு எச்சிலும் மங்கலும் இருந்திருக்கிறது, வெயில் சூடு என்று நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் தேறிவிட்டார்கள். மூட்டைகளைப் புதைக்கப் பள்ளம் தோண்டியபோது அந்த வைத்தியரும் ஒரு மண்வெட்டியோடு வந்தார். கடைசி மூட்டையை மூடும்வரை மண் தள்ளினார். அத்தனையையும் நாங்கள் தின்றிருப்போம். சிரித்துக்கொண்டு அள்ளினோமே.

மூட்டையைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். சமாதானத்துக்கு என்று நான் உங்களுக்கு அனுப்பியதும் விஷம்தான். நீங்கள் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டிருந்தால், இந்தக் கடிதங்களைப் படித்து நோயைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. இரண்டு பேரும் இதைச் சுமக்க வேண்டியதுதான்.

உங்கள் கடிதத்தில் கல்லறையைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லாததால்தான் எழுத வருகிறது. ஓன்ஜாவை நான் ஏன் அனுப்பவில்லை என்றால், அவள் உங்கள் அப்பாவின் கல்லறைக்குப் போய்விட்டால் நான் செத்த பிறகு எங்கள் ஆட்களோடு இங்கே கிடப்பேன், அவள் அங்கே கிடப்பாள். இடையில் அவ்வளவு தூரம். என் வாழ்நாளில் எனக்கென்று நான் பிடிவாதம் பிடித்தது இது ஒன்றுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நீங்கள் தியாவினாவின் எச்சிலைத் துடைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தபோது, "ஓன்ஜா, கண்ணைத் திற" என்று அவளைக் கூப்பிட்டீர்கள். பெயர் மாறியது உங்களுக்கே தெரியவில்லை. நான் வாசலில் நின்று கேட்டேன். எனக்கு அவள் எட்டு வருஷம். உங்களுக்கு அவள் பிறந்ததிலிருந்து.

புதுப் பட்டுத்துணி நெய்யச் சொல்லுங்கள். ஆகஸ்டில் நானும் ஸூவாரியும் ஓன்ஜாவைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இதை நேற்று தியாவினாவிடம் சொல்லத்தான் கல்லறைப் பக்கம் கூட்டிப் போனேன். தானாகவே நடந்தாள், கை பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாவைப் பெரியம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, நான் எந்தப் பக்கம் காட்டணும்பா?" என்றாள்.

"வடக்கே. ஃபிடி வண்டி போற ரோட்டுப் பக்கம்" என்றேன்.

கல்லறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ரோட்டைப் பார்த்தாள். கையைத் தூக்கி விரலை மடக்கினாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணி. மடங்கினபடியே நின்றது.

தோவு